பேர் எழுதித் தரச் சொல்லுங்கோ

2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களைச் சென்னையில் கழித்தவர்களுக்கு அந்தச் சுவரொட்டிகள் நினைவிருக்கும். தலைவிரி கோலமாய் ஒரு பெண், மடியில் குழந்தை, பின்னால் தீ. கட்சிக்குக் கட்சி கொடியின் நிறம் மாறியதே தவிர அந்தப் பெண் மாறவில்லை. பேருந்து நிழற்குடை, ரயில்வே பாலத்தின் சுவர், கல்லூரி மதில் என்று எங்கும் அவள்தான். அவளுக்குப் பெயர் கிடையாது, ஊர் கிடையாது. அவள் என்ன கேட்கிறாள் என்று எந்தச் சுவரொட்டியிலும் ஒரு வரி கிடையாது. அவளைப் பார்த்ததும் நாம் கொதிக்க வேண்டும் என்பதுதான் எதிர்பார்ப்பு.

கொதிப்பதற்குக் காரணம் இருந்தது. வன்னியில் லட்சக்கணக்கான மக்கள் ஊர் ஊராக இடம்பெயர்ந்து, கடைசியில் முல்லைத்தீவுக் கரையோரம் ஒரு சிறு நிலத்துண்டுக்குள் ஒதுங்கியிருந்தார்கள். இலங்கை அரசு தானே ‘பாதுகாப்பு வலயம்’ என்று அறிவித்த இடத்தில் எறிகணைகள் விழுந்தன. வெளியேற முயன்றவர்களை விடுதலைப் புலிகள் தடுத்தார்கள். தப்பி வந்தவர்களை அரசு முள்கம்பி வேலிக்குள் அடைத்தது. அந்தக் கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் எழுதியது. அன்று நமக்கு எண்கள் தெரியாது. கைபேசியில் வந்து சேரும் படங்கள் மட்டும் தெரியும்.

தமிழ்நாடு சும்மா இருக்கவில்லை. 2008 அக்டோபர் 24 அன்று கொட்டும் மழையில் மனிதச் சங்கிலி நின்றது. 2009 ஜனவரி 29 அன்று சாஸ்திரி பவன் வாசலில் முத்துக்குமார் தீக்குளித்தார். மாணவர் போராட்டம் பரவியதும் அரசு கல்லூரிகளைக் காலவரையின்றி மூடியது. அப்போது நான் வடசென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மாலை நேரங்களில் கூடும் சிறிய பெண்கள் குழு ஒன்றிலும் இருந்தேன். ஆசிரியைகள், ஒரு வழக்கறிஞர், இரண்டு செவிலியர், ஏற்றுமதி நிறுவனத்தில் தைக்கும் பெண்கள் என்று பதினைந்து பேர் தேறுவோம். மார்ச் மாதத்தில் பல அமைப்புகள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை உருவாக்கியபோது எங்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கப்பட்டது. பெண்களைத் திரட்ட வேண்டும், கையெழுத்து வாங்க வேண்டும். அதற்கான துண்டறிக்கையை அவர்களே எழுதித் தந்தார்கள்.

அதன் முதல் வரி: ‘தமிழா, இன்னுமா உறங்குகிறாய்?’ அடுத்த வரி, நம் சகோதரிகளின் கற்பு சூறையாடப்படுவதைப் பற்றியது. பெண்களிடம் கொடுப்பதற்கான தாளில் விளிக்கப்பட்டவன் ஆண். பெண் அதில் வருவது அவனுடைய ரோஷத்தைக் கிளறுவதற்காக மட்டும். எங்கள் குழுவில் பலருக்கு அது உறுத்தியது. ஆனால் மாற்றி எழுதுவதென்றால் எதை எழுதுவது? வன்னியில் இருக்கும் ஒரு பெண்ணிடமும் எங்களால் பேச முடியாது. ‘அவர்களுக்கு என்ன வேண்டுமென்று யாரிடம் கேட்பது?’ என்று வழக்கறிஞர் தோழி கேட்ட கேள்விக்கு அன்றைக்கு யாரிடமும் பதில் இல்லை.

பதில் என் வகுப்பில் இருந்தது. இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி. கையெழுத்துத் தாள் வகுப்பைச் சுற்றி வந்தபோது அவள் மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டு அடுத்த மேசைக்குத் தள்ளிவிட்டாள். வகுப்பு முடிந்ததும் வந்து நின்றாள். “மிஸ், எனக்குப் போடணும்னு ஆசைதான். போட முடியாது. கியூ பிராஞ்ச்ல கேப்பாங்க.” அதுவரை அவள் கும்மிடிப்பூண்டி முகாமிலிருந்து வருகிறாள் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. எங்களோடு சென்னைத் தமிழ், வீட்டில் ஈழத் தமிழ். 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபோது அவளுடைய அம்மா வயிற்றில் அவளைச் சுமந்துகொண்டு தலைமன்னார்ப் பக்கமிருந்து படகேறி வந்தவர். மகள் பிறந்தது தமிழ்நாட்டில், படித்தது தமிழ்நாட்டில். ஆனாலும் அவள் இந்தியக் குடிமகள் இல்லை. 1987 ஜூலை 1க்குப் பிறகு இங்கே பிறந்தவர், பெற்றோரில் ஒருவராவது குடிமக்களாக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை பெறுவார்.

அகதிகளுக்காகத் தெருவில் இறங்கி முழங்குகிற உரிமை எனக்கு இருந்தது. அகதியான அவளுக்கு இல்லை. கூட்டத்துக்கு வந்தாலும், படத்தில் விழுந்தாலும், விசாரணை அவள் குடும்பத்தின் கதவைத் தட்டும். 1991 மே மாதத்துக்குப் பிறகு முகாம்களின் மேல் விழுந்த சந்தேகப் பார்வை அப்போதும் விலகியிருக்கவில்லை. பொது வெளியில் திரளும் எந்தப் போராட்டத்திலும், அந்தத் துயரத்தை நேரடியாக அறிந்தவர்கள் வர முடியாமல் போவதற்கு இப்படி ஒரு காரணம் இருக்கும். வர முடிந்தவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை.

அடுத்த ஞாயிறு நாங்கள் மூன்று பேர் புறநகர் ரயிலில் கும்மிடிப்பூண்டி போனோம். வெளியாட்கள் முகாமுக்குள் நுழைய அனுமதி வாங்க வேண்டும். அதனால் பஜாரில் ஒரு தையற்கடையின் பின்கட்டில் சந்திக்க ஏற்பாடு. ஏழு பெண்கள் வந்திருந்தார்கள். அந்தக் கடைக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கும் ஐம்பது வயதுப் பெண் ஒருவர்தான் அதிகம் பேசினார். எல்லோரும் அவரைத் தையலக்கா என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு துண்டறிக்கையை இரண்டு தரம் வாசித்தார். துணியில் குறி போடும் நீல சாக்கால் இரண்டாவது வரியை அடித்தார்.

“தங்கச்சி, இந்தக் கற்பு எண்ட சொல்லை எடுத்துப்போடுங்கோ. அந்தப் பிள்ளையள் நாளைக்கு வெளியில வர வேணும், படிக்க வேணும், விருப்பமெண்டால் கலியாணம் கட்ட வேணும். நீங்கள் மைக்கில சொல்லுறது அவையளுக்குப் பின்னாலயே வரும்.”

அவர் சொன்னதும் மற்றப் பெண்களும் பேசத் தொடங்கினார்கள். கண்ணீரைப் பற்றிய பத்தியைப் பார்த்து ஒருத்தி சொன்னாள், “நாங்கள் அழுறது எல்லாருக்கும் தெரியும். அது காணும். என்ன கேக்கிறம் எண்டு எழுதுங்கோ.” வன்னியிலிருந்து தப்பி வந்தவர்களை வவுனியாவுக்குக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடங்களிலும் செட்டிகுளத்துக் காட்டை வெட்டி அமைத்த கொட்டகைகளிலும் வைத்திருக்கிறார்கள் என்ற செய்தி அவர்களுக்கு ஏற்கெனவே வந்திருந்தது. அங்கே என்ன நடக்கும் என்று அவர்கள் ஊகிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. முகாம் என்றால் என்னவென்று பத்தொன்பது வருடங்களாக உடம்பால் அறிந்தவர்கள்.

அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கழிப்பறைக்குப் போகும் வழியில் இரவில் விளக்கு எரிய வேண்டும். குளிக்கும் இடத்துக்கு மறைப்பு வேண்டும். அந்த மறைப்புக்குப் பக்கத்தில் காவல்காரன் நிற்கக் கூடாது. மாதவிடாய்த் துணியும் உள்ளாடையும் நிவாரணப் பட்டியலில் இருக்க வேண்டும், அரிசி பருப்பைப் போல. பதிவு அட்டையை ஆணின் பெயரில் மட்டும் கொடுக்கக் கூடாது. “ஆம்பிளையைப் பிடிச்சுக்கொண்டு போனா கார்ட்டும் சேந்து போயிடும். பிறகு மனிசியும் பிள்ளையளும் சாப்பாட்டு வரிசையில என்னத்தைக் காட்டுறது?” படம் பிடிக்க வருகிறவர்கள் கேட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும். உறவினர் வீட்டுக்குப் போக விரும்புகிறவர்களைப் போக விட வேண்டும்.

கடைசியாக, அதுவரை வாய் திறக்காமல் கதவோரம் உட்கார்ந்திருந்த பெண் பேசினார். 1990இல் மன்னாரில் அவருடைய தம்பியை விசாரணைக்கென்று கூட்டிப்போனார்கள். திரும்பவில்லை. “ஆரைக் கொண்டு போனாலும் பேரை எழுதித் தரச் சொல்லுங்கோ. ஒரு துண்டு பேப்பர். ஆர் கொண்டு போறது, எங்க கொண்டு போறது. அதைக் கேளுங்கோ முதல்ல.”

போர்நிறுத்தக் கோரிக்கையை மேலே வைத்து, இந்த ஏழையும் கீழே எண் போட்டு எழுதி, எங்கள் குழுவின் பெயரிலேயே அச்சடித்தோம். ‘தமிழா’ போய்விட்டது. தலைப்பு: முகாமிலிருக்கும் பெண்கள் கேட்பவை.

ஏப்ரல் முதல் ஞாயிறு காலை காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் நின்றோம். கூட்டமைப்பின் பழைய தாளை அதே இடத்தில் போன வாரம் கொடுத்தவர்கள், வாங்கிய பெண்கள் பலர் மீன் சுற்றப் பயன்படுத்தினார்கள் என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் தாளை ஒரு பள்ளிச் சிறுமி தன் பாட்டிக்கு உரக்க வாசித்தாள். கழிப்பறை விளக்கு என்ற இடம் வந்ததும் பக்கத்துக் கூடைக்காரம்மா கத்தியைக் கீழே வைத்தார். “கார்கில் நகர்ல நாங்க பட்டது இதே தாம்மா,” என்றார்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு வடசென்னை மீனவக் குடும்பங்கள் திருவொற்றியூர்ப் பக்கம் கார்கில் நகரில் தற்காலிகக் கொட்டகைகளில் வைக்கப்பட்டார்கள். மழை வந்தால் தண்ணீர் தேங்கியது. அடுத்த கோடையில் அங்கே தீப்பிடித்தது. அந்தக் கொட்டகைகளில் இருந்த பெண்களுக்கு ஈழ அரசியல் பற்றிப் பல கருத்துகள் இருந்தன, கருத்தே இல்லாதவர்களும் இருந்தார்கள். ஆனால் இரவில் இருட்டில் ஒதுங்கப் போவது என்றால் என்ன, நிவாரணமாக வந்த பழந்துணி மூட்டையில் ஒரு பாவாடைகூட இல்லாமல் போவது என்றால் என்ன என்பதை யாரும் அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. கொண்டுபோன தாள்கள் பத்து மணிக்குள் நிறைந்தன. கைநாட்டு வைத்தவர்கள் பாதிப் பேர். கூடைக்காரம்மா வரிசையைக் கட்டி மேய்த்தார்.

இரக்கப்படச் சொல்லி யாரையும் வெகுதூரம் கூட்டிக்கொண்டு போக முடியாது என்பதை அங்கே பார்த்தேன். இரக்கப்படுகிறவர் மேலே நிற்கிறார். சீக்கிரம் களைத்தும் போகிறார். ஒரு குறிப்பான தேவையைச் சொன்னால், கேட்கிற பெண் தன் வாழ்க்கையிலிருந்து அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வந்துவிடுகிறார். சுவரொட்டிப் பெண்ணைப் பார்த்துக் கொதித்தவர்களைவிட, விளக்கு கேட்ட பெண்ணைப் புரிந்துகொண்டவர்கள் அதிக நாள் எங்களோடு இருந்தார்கள்.

கூட்டமைப்பில் இது எடுபடவில்லை. ‘குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது கக்கூஸைப் பற்றிப் பேசுவதா?’ என்று மூத்த தோழர் ஒருவர் கேட்டார். அரசியல் கோரிக்கையை நிவாரணக் கோரிக்கையாகச் சுருக்குகிறோம் என்பது இன்னொருவரின் குற்றச்சாட்டு. நியாயமான கவலைதான். இலங்கை அரசு உலகத்தின் முன் முகாம்களை மீட்பு நடவடிக்கை என்று காட்டிக்கொண்டிருந்தது. முகாமை நன்றாக நடத்துங்கள் என்று கேட்பது முகாமையே ஒப்புக்கொள்வதாக ஆகிவிடாதா?

ஆனால் அந்தப் பட்டியலை நிதானமாக வாசித்துப் பாருங்கள். காவல்காரன் குளியலறைப் பக்கம் நிற்கக் கூடாது என்பது ராணுவம் முகாமை விட்டு விலக வேண்டும் என்ற கோரிக்கை. உறவினர் வீட்டுக்குப் போக விட வேண்டும் என்பது முள்கம்பியை அகற்று என்ற கோரிக்கை. பேரை எழுதிக் கொடு என்பது, ஆளைக் கொன்றுவிட்டுக் கணக்குக் காட்டாமல் போக முடியாது என்ற கோரிக்கை. இவற்றைவிட அரசியலான வரி அன்றைய மேடைகளில் எதுவும் பேசப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. பெண்கள் அன்றாடத்தின் மொழியில் சொன்னதால் அவை சின்ன விஷயங்களாகக் கேட்டன. ஏப்ரல் நடுவில் நடந்த பொதுக்கூட்டத்தில் எங்களுக்கு ஐந்து நிமிடம் தந்தார்கள். கூடைக்காரம்மாதான் பேசினார். நடுங்கிக்கொண்டே ஏறினார். மூன்று நிமிடத்தில் இறங்கிவிட்டார். கூட்டத்தின் பின்வரிசையில் நின்ற பெண்கள் அவருக்குத்தான் கை தட்டினார்கள்.

மே 19க்குப் பிறகு சுவரொட்டிகள் நின்றன. அந்த வாரத்தின் மௌனத்தைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் சொல்ல விரும்புவது அதற்குப் பிந்தைய மாதங்களைப் பற்றி. போர் முடிந்தபோது செட்டிகுளம் மெனிக் பாம் உள்ளிட்ட முகாம்களில் ஏறத்தாழ 2,80,000 பேர் அடைபட்டிருந்தார்கள். இடம்பெயர்ந்தோரின் நெருக்கடி அப்போதுதான் உச்சத்தில் இருந்தது. சென்னையில் கூட்டமோ கலைந்துவிட்டது. மெனிக் பாமின் பிரிவுகளுக்குக் கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்று தமிழ் ஆண்களின் பெயர்களைச் சூட்டியிருந்தார்கள். அத்தனை பெரிய பெயர்களைத் தாங்கிய முகாமில் ஆகஸ்ட் மழைக்குக் கழிப்பறைக் குழிகள் நிரம்பிக் கூடாரங்களுக்குள் வழிந்தன. ஐரோப்பாவில் தமிழர்கள் திரட்டிய 800 டன்னுக்கு மேற்பட்ட நிவாரணப் பொருட்களோடு வந்த ‘வணங்காமண்’ கப்பலை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. ஜூனில் அது சென்னைக்கு அப்பால் கடலில் நங்கூரமிட்டுக் காத்துக் கிடந்தது. பொருள் திரட்டுவதில் குறையொன்றும் இருக்கவில்லை. முகாமின் கதவைத் திறக்க வைக்கிற நெருக்குதல்தான் வேண்டியிருந்தது. அதற்குக் கூட்டம் தேவை. கூட்டமோ வீட்டுக்குப் போய்விட்டது.

எங்கள் குழுவில் ஒன்பது பேர் மிஞ்சினோம். கையெழுத்துத் தாள்களின் நகல்களை நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் ஐ.நா. அலுவலகங்களுக்கும் ஆங்கிலக் கடிதத்தோடு மாதம் ஒரு முறை அனுப்பினோம். அக்டோபரில் தமிழ்நாட்டு எம்.பி.க்கள் குழு முகாம்களைப் பார்க்கப் போவது தெரிந்ததும், ஏழு கோரிக்கைகளையும் ஒரே பக்கத்தில் தட்டச்சு செய்து, கிடைத்த முகவரிகளுக்கெல்லாம் அனுப்பினோம். டிசம்பர் 1 முதல் முகாமிலிருப்பவர்கள் வெளியே போய்வர அனுமதி என்று அறிவிப்பு வந்தது. அது எங்களால் நடந்தது என்று சொல்லமாட்டேன். பல நாடுகளின் நெருக்குதல் அதற்குப் பின்னால் இருந்தது. மெனிக் பாம் முழுதாக மூடப்பட 2012 செப்டம்பர் ஆனது.

கதவோரப் பெண் கேட்ட துண்டுப் பேப்பர் மட்டும் இன்றுவரை வரவில்லை. சரணடையச் சொல்லி ராணுவத்திடம் கையளித்த மகன்களின், கணவர்களின் பெயர்ப் பட்டியலைக் கேட்டு 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தாய்மார்கள் தெருவோரம் உட்கார்ந்தார்கள். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அதே போராட்டம் தொடர்ந்தது. ஆண்டுகள் கடந்தும் அவர்கள் எழுந்திருக்கவில்லை. பதில் கிடைக்காமலே பல தாய்மார் இறந்துபோனார்கள். உலகின் நீண்ட போராட்டங்களில் ஒன்றைப் பெண்கள் நடத்துகிறார்கள். அதன் கோரிக்கை, தையற்கடையின் பின்கட்டில் ஒரு பெண் ‘முதல்ல கேளுங்கோ’ என்று சொன்ன அதே கோரிக்கை. மேடைகள் அதைக் கடைசியில்கூட வைக்கவில்லை.

2010 பொங்கல் சமயத்தில் தையலக்காவை மறுபடி பார்க்கப் போயிருந்தேன். மெனிக் பாம் பற்றிய செய்திகளைச் சொன்னேன். அவர் துண்டறிக்கையை எடுத்து விரித்து, என் பக்கம் திருப்பினார். “இதில மெனிக் பாம் எண்டு கிடக்கிற இடத்தில எல்லாம் கும்மிடிப்பூண்டி எண்டு போட்டு வாசிச்சுப் பாருங்கோ.”

வாசித்தேன். பத்துக்குப் பத்து அடி அறை, நடுவில் சேலையைத் திரையாகக் கட்டி இரண்டு தலைமுறை. பொதுக் கழிப்பறைக்குப் போகும் வழியில் இருட்டு. மாதந்தோறும் ஆள் கணக்கெடுப்பு. ‘செக்கிங்’ நாளில் வேலைக்குப் போன ஊரிலிருந்து ஆண்கள் பெயிண்ட் வாளியைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டும், பிரசவித்த பெண்ணும் கைக்குழந்தையோடு வந்து தலையைக் காட்ட வேண்டும். அரசு உதவித்தொகை 2006இல் இரட்டிப்பாக்கப்பட்ட பிறகும் குடும்பத் தலைவருக்கு மாதம் 400 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 288, முதல் பிள்ளைக்கு 180. ஆண் இருக்கும் வீட்டில் தலைவர் ஆண்தான். ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே வரிசையில் தண்ணீர் பிடிக்கும் பெண்ணின் வயிறு 112 ரூபாய் குறைவானது என்று கணக்குப் போட்டிருந்தார்கள்.

இதற்காகக் கூட்டம் சேர்ப்பது பத்து மடங்கு கடினமாக இருந்தது. கடலுக்கு அப்பால் இருக்கும் அரசை எதிர்த்து முழங்குவதற்குச் செலவு குறைவு. இங்கே கேட்க வேண்டியது நாம் ஓட்டுப் போட்ட அரசிடம், நமக்குச் சான்றிதழ் தருகிற அலுவலகத்திடம். ஏப்ரலில் மேடையேறியவர்களில் மூன்று பேர் மட்டும் தொலைபேசியை எடுத்தார்கள். முகாம்வாசிகள் கையெழுத்திட முடியாது என்பதால் காசிமேட்டுப் பெண்களும் என் மாணவிகளும் கையெழுத்திட்டார்கள். விளக்குக்காக மட்டும் நான்கு மனுக்கள். ஏழு மாதம் கழித்து மூன்று கம்பங்களில் விளக்கு எரிந்தது. அன்று மாலை என் மாணவி வகுப்பறை வாசலில் நின்று, “லைட் வந்துடுச்சு மிஸ்,” என்று சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினாள்.

பிறகு சில நகர்ந்தன. உதவித்தொகை 2011இலும் 2021இலும் உயர்ந்தது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு முகாம்களின் பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றி, 7,469 புதிய வீடுகள் உள்ளிட்ட 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் அப்போது 58,000 பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவருக்கு 1,000 என்ற வித்தியாசம் அந்த நல்ல அறிவிப்பிலும் நீடித்தது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளைப் பட்டியலிட்டது. இலங்கை அதில் இல்லை. 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்த குழந்தையின் பெற்றோரில் ஒருவர் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்றால், மற்றவர் குடிமகனாகவே இருந்தாலும் குழந்தைக்குப் பிறப்பால் குடியுரிமை கிடையாது. படகில் வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் சட்டத்தின் கண்ணில் அப்படித்தான். முகாம்ப் பெண் உள்ளூர் ஆணைத் திருமணம் செய்தால் அவளுடைய நிலை குழந்தையின் தலையிலும் எழுதப்படுகிறது. 1987க்கு முன் முகாமில் பிறந்த ஒரு பெண் நீதிமன்றம் ஏறி வென்று, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். அந்தத் தேதிக்குப் பின் பிறந்த என் மாணவி இன்னும் வரிசையில் நிற்கிறாள். அவளுக்கு இப்போது இரண்டு பெண் குழந்தைகள்.

இதை வாசிக்கும் மாணவிகளில் பலர் 2009இல் தொட்டிலில் இருந்திருப்பீர்கள். மணிப்பூர் உங்கள் நினைவில் இருக்கும். அங்கே 2023 மே 3 அன்று வன்முறை தொடங்கியது. சில வாரங்களில் 60,000 பேர் வரை வீடிழந்தார்கள். பெண்கள் நிவாரண முகாம்களில் பிள்ளை பெற்றார்கள். நாடு தழுவிய கொதிப்பு வந்தது ஜூலை 19க்குப் பிறகுதான். இரண்டு பெண்களை நிர்வாணமாக ஊர்வலம் விட்ட காணொளி அன்றைக்கு வெளியானது. சம்பவம் நடந்தது மே 4. இடையிலிருந்த இரண்டரை மாதங்களில் முகாம்களில் இருந்த பெண்கள் கேட்டுக்கொண்டிருந்ததைக் கேட்க, ஒரு பெண்ணின் உடம்பை நாம் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்த பிறகும் அந்த முகாம்களில் என்ன தேவை என்று கேட்டவர்கள் சொற்பம்.

அடுத்த நெருக்கடி வரும்போது உங்கள் கல்லூரியிலும் ஒரு தாள் சுற்றி வரும். கையெழுத்துப் போடுங்கள், ஊர்வலம் போங்கள். கூட்டம் இல்லாமல் எந்தக் கதவும் திறந்ததில்லை. தாளை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால், அந்த வாழ்க்கையை வாழ்ந்த பெண் ஒருத்தி உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறாளா என்று தேடுங்கள். அநேகமாக இருப்பாள், பேனாவை மூடி வைத்துவிட்டுத் தாளை அடுத்த மேசைக்குத் தள்ளியிருப்பாள். அவளிடம் வாசிக்கக் கொடுங்கள். எந்த வரியை அடிக்கிறாள் என்று பாருங்கள். அதற்குப் பதிலாக அவள் சொல்வது கழிப்பறை விளக்காகவோ ஒரு துண்டுப் பேப்பராகவோ இருக்கலாம். அதை முதல் வரியில் போடுங்கள்.